பொட்டென்று நிற்பதும் இழுத்து நிற்பதும்

பழைய புல்லட்டை விற்கிறவர் "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்று சாவியை நீட்டுவார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொள்ளும். தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் மனசு விழுந்துவிடும். பணம் கைமாறி, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறுவதற்கு முன்பே, ஏதோ ஒரு மதியம், ஊர் எல்லை தாண்டியதும் அது நிற்கும். ஓரம் கட்டிவிட்டு ஒரு டீ குடித்து வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் ரசிக்க ஒன்றும் கிடையாது. அது கிடந்த இடத்தில் கிடக்கும், நாம் பாட்டுக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். சூடானால் நிற்கும் வண்டியோ கோளாறைத் தன் சூட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. கடை வரை தள்ளிப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். மெக்கானிக் உதைப்பார், கிளம்பும், "நல்லாத்தானே இருக்கு" என்பார். பிளக்கை மாற்றுவார், கார்ப்பரேட்டரைக் கழுவுவார், காசு வாங்குவார். அடுத்த வாரம் அதே புளியமரத்தடியில் அதே வண்டி நிற்கும். இப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒரு ஜாதி. வண்டி எப்படி நின்றது என்பதிலிருந்து ஆரம்பிப்பவர்கள் வேறு ஜாதி. எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இரண்டாவது வகை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி இதுதான்: "எப்படி நின்னுச்சு தம்பி? பொட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?"

பாதி வைத்தியம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பொட்டென்று நிற்பது என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ சாவியைத் திருப்பியதுபோல் நிற்பது. எந்த முன்னறிவிப்பும் கிடையாது. இந்த நொடி இன்ஜின் இழுக்கிறது, அடுத்த நொடி செயின் சத்தமும் காற்றும்தான் காதில் விழுகின்றன. அது கரண்டுக் கோளாறு. பெட்ரோல் ஒரு நொடியில் தீர்ந்துபோவதில்லை. கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சம் வண்டியை இன்னும் சில மூச்சு இழுக்க வைக்கும். எனவே பெட்ரோல் பற்றாத வண்டி தவணை முறையில் நிற்கும். முதலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஏறாது. முறுக்கைக் குறைத்தால் கொஞ்சம் தெளியும், மறுபடி முறுக்கினால் வெட்டும். ஒரு முறை கார்ப்பரேட்டர் பக்கமாகத் துப்பும். பிறகுதான் நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மயக்க நிலை உண்டு. வண்டி வெட்டி வெட்டிப் போகிறது, அது பெட்ரோலா கரண்டா என்று தெரியவில்லை. அப்போது பாய் கேட்பது சைலன்சரைப் பற்றி. வெட்டிவிட்டுப் பிடிக்கும்போது பின்னால் "டமார்" என்றதா? என்றதென்றால் பெட்ரோல் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பொறி விழாத சுற்றுகளில் அது எரியாமல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. கரண்டு திரும்பி வந்ததும் அங்கே வெடித்திருக்கிறது. ஸ்பானர் எடுக்காமல், வண்டி கண்ணெதிரே இல்லாமலேகூட, ஒரு சத்தத்தை வைத்துப் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில் ரசனைக்கு இடமில்லை. வெட்டாமல், துப்பாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்துக்கொண்டே போனால், பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். கிக்கரைத் தொடக் கூடாது.

நின்ற விதத்திலிருந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் இந்தக் கலைக்குப் பழைய புல்லட் 350-ஐவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் அது பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே இன்ஜினைச் செய்து வந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன். உள்ளே நடப்பது எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு மூடி இருக்கிறது. மூடியைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம்.

இழுத்து நின்ற வண்டியிடம் ஓடும்போதே ஒரு கேள்வி கேட்க முடியும். வெட்டத் தொடங்கும் அந்த நொடியில் கையைக் கீழே விட்டுச் சோக்கைப் பாதி போடுங்கள். தெளிந்து ஓடினால் அதற்குப் பெட்ரோல் பற்றவில்லை, அல்லது எங்கோ ஓரமாகக் காற்று உள்ளே வருகிறது. இன்னும் சீக்கிரமாக நின்றால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். பதில் அரை நொடியில் வந்துவிடும். காலையில் சோக் போட்டு ஓட்டும்போது ஏன் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. ஜெட்டில் இருக்கும் அடைப்பைச் சோக் மூடி மறைத்துவிடுகிறது.

மே மாதமானால் "பெட்ரோல் கொதிக்குது சார்" என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். முழுப் பொய் இல்லை. பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற பொருளல்ல. அதன் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதி 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் மேலே இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வரும் புல்லட்டில், ஓடும்போது இதனால் நிற்பது அபூர்வம். பெரும்பாலும் இது, தெரியாத காரணத்துக்கு வைக்கும் பெயர்.

டேங்க் மூடி விஷயம் இதைவிடச் சுவையானது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூடியின் துளையில் துருவும் வண்டி கழுவிய சோப்பும் அடைத்துக்கொண்டால், அல்லது பழைய வண்டியில் யாரோ பொருந்தாத மூடி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தால், கால் மணி நேர ஓட்டத்தில் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். வண்டியும் இழுத்து இழுத்து நிற்கும். நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் ஏதோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். பார்க்கிறவர்கள் இன்ஜின் ஆறியதால்தான் கிளம்பியது என்று சத்தியம் செய்வார்கள். சூடு இங்கே வெறும் பொய்ச் சாட்சி. நின்றவுடனே மூடியைத் திறந்து காதைக் கொடுத்தால் "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும், கொதிக்கிற இன்ஜினோடேயே வண்டி முதல் உதையில் பிடிக்கும். பாய் எப்போதும் இதைத்தான் முதலில் பார்ப்பார். காசு செலவில்லாத சோதனை என்பதால் மட்டுமல்ல, ஒரு நிமிடம் தாமதித்தால் இந்தச் சாட்சியம் காணாமல் போய்விடும்.

அடுத்தது சிக்னலில் நிற்பது. ஓடும்போது குறையில்லை, சூடேறியபின் சிவப்பு விளக்கில் ஐடிலிங் இறங்கி இறங்கி அணைந்துவிடுகிறது. உடனே உதைக்கிறோம். கால் இங்கே ஒரு கருவி. கிக்கர் வழக்கமான எதிர்ப்பைக் காட்டாமல் தொளதொளவென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. ஆறியபின் அதே கிக்கர் காலைத் தூக்கி அடிக்கிறது. அதாவது சூட்டில் நீண்ட வால்வு முழுசாக மூடாமல் நின்றிருக்கிறது. டேப்பட் அளவுக்கு மேல் டைட்.

புல்லட்டின் டேப்பட் வைக்கும் முறையில் ஓர் அழகு உண்டு. ஃபீலர் கேஜ் வேண்டாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து மேலே நிற்க வேண்டும். வலப்பக்கச் சின்ன மூடியைக் கழற்றினால் புஷ்ராடு இரண்டும் தெரியும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. பாய் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டே இதைச் செய்வார். விரல் நுனி பார்த்துக்கொள்கிறது.

பழைய வண்டியில் டேப்பட் ஏன் டைட்டாக இருக்கிறது என்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. வால்வுச் சத்தம் கேட்டால் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். ஆகவே விற்பதற்கு முன்னால் ஒரு திருகு கூட இறுக்கிச் சத்தத்தை அடக்கிவிடுவார்கள். பாய் ஒரு வண்டிக்கு அளவாகத் தளர்த்திக் கொடுத்தபோது மெல்லிய "டிக் டிக்" திரும்பி வந்தது. வண்டியைக் கொண்டுவந்த பையனின் முகம் வாடிவிட்டது. "வாங்கும்போது இந்தச் சத்தமே இல்லியே பாய்?" என்றான். "அதனாலதான் தம்பி நின்னுச்சு" என்றார் அவர்.

இனி கரண்டு. சூட்டில் நிற்கும் புல்லட்டுகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான், நுணுக்கம் அதிகம் கொண்டதும் இதுதான்.

ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆம்ப்மீட்டர் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பொட்டென்று நின்றவுடன், விளக்கெல்லாம் அணைத்துச் சாவியை மட்டும் போட்டு, கிக்கரை மெதுவாகக் கையாலேயே அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பாட்டரியிலிருந்து காயில் வழியாகப் பாயிண்ட் வரைக்கும் கரண்டு போகிறது. முள் நடுவிலேயே நின்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. பாயிண்ட் முகத்தில் அழுக்கு, அல்லது கழன்ற ஒயர், அல்லது காயிலுக்குள் சூட்டில் விரிந்து விலகிய கம்பி. கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லையென்றால் கண்டன்சர் ஷார்ட். ஒரு முள்ளின் மூன்று நிலைகளில் ஒரு பட்டறையே அடங்கியிருக்கிறது.

முள் ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் பிளக்கில் பொறி மஞ்சளாகச் சோர்ந்து விழுகிறது என்றால் பாய் நிழலுக்கு வண்டியைத் தள்ளச் சொல்வார். வலப்பக்கப் பாயிண்ட் மூடியைக் கழற்றி, பையனை உதைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து பார்ப்பார். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரைதான். அது திறக்கும் கணத்தில், ஓடிக்கொண்டிருந்த கரண்டு சட்டென்று நிற்க மறுத்து அந்த இடைவெளியைத் தாண்டிப் போகப் பார்க்கும். போக விடாமல் அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அது வாங்கிக்கொண்டால்தான் காயிலின் காந்தப்புலம் ஒரேயடியாகச் சரியும். சரிந்தால்தான் பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கும். நல்ல கண்டன்சர் இருந்தால் பாயிண்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நீலத் துளி மட்டும் மின்னும். கெட்டுப்போனது சூடேறியதும், பிளக்குக்குப் போக வேண்டிய வெளிச்சமெல்லாம் இங்கேயே பளீரென்று வெள்ளையும் மஞ்சளுமாக வெடிக்கும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாள் ஓடும், மறுபடி கருகும்.

காயிலும் சூட்டில் சோரக்கூடியதுதான். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும், அறுபது டிகிரி கூடினால் ஏறக்குறைய கால் பங்கு. ஆரோக்கியமான காயில் அதைச் சமாளிக்கும். வயதான காயிலும் அரைகுறைக் கண்டன்சரும் ஒன்று சேர்ந்தால் மதியத்தில் வண்டி நிற்கும், சாயங்காலம் ஓடும். இரண்டையும் பிரித்தறிய பாய் நின்ற வண்டியின் காயில் மேல் ஈரத்துணி ஒன்றைச் சுற்றுவார். இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்க, காயில் மட்டும் குளிர்ந்ததும் வண்டி பிடித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் பாயிண்ட் பக்கம் திரும்புவார். துணியைக் காயிலோடு நிறுத்திக்கொள்வார். கொதிக்கிற வார்ப்பிரும்பு சிலிண்டர் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பது அங்கே எடுபிடிப் பையனுக்குக்கூடத் தெரியும்.

ஒருமுறை, கோளாறு கண்டன்சரில்தான் என்று உறுதியானபின் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் ரசித்தேன். அந்தக் கண்டன்சர் இருப்பது பாயிண்ட் கூட்டுக்குள், இன்ஜினை ஒட்டி. சூட்டில் கெடும் பொருளுக்குச் சூட்டிலேயே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புதிதை அங்கேயே மாட்டினால் அதற்கும் அதே கதிதான் என்று அவர் அதை வெளியே கொண்டுவந்தார். காயில் பக்கத்தில் காற்றுப் படும் இடமாகப் பார்த்து, ஃபிரேமில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பை வெளியே எடுத்து, எர்த் சரியாகப் பிடிக்கும்படி ஒரு கிளாம்பு போட்டார். அங்கிருந்து பாயிண்ட் வரைக்கும் ஒயரை டேங்குக்கு அடியில் உரசாமல் இழுத்து, ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுசாகத் திருப்பி, எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்தார். பழைய கண்டன்சரைக் கழற்றிக் கீழே வைத்தார். பாயிண்டின் ஃபைபர் தேய்மானத்தைப் பார்த்து இடைவெளியை மறுபடி வைத்தார், ஒரு சொட்டு கிரீஸ் தடவினார். ஃபைபர் தேய்ந்தால் இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், இன்ஜின் இன்னும் சூடேறும் என்றார். டேப்பட்டைத் தொடவில்லை. கார்ப்பரேட்டரையும் தொடவில்லை. மூடியைப் போட்டு, "மதியம் ரெண்டு மணிக்கு ஜிஎஸ்டி ரோட்ல ஓட்டிட்டு, ஆறவுடாம நேரா இங்க வா. அப்புறம் காசு குடு" என்றார்.