கான்கிரீட்: இரண்டு மரபுகளும் ஒரு பொறுப்பும்

கான்கிரீட்டை எழுத்தில் கேட்க இரண்டு வழிகள் உண்டு. எதை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வது ஒரு வழி. இறுகியபின் அது எதைத் தாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, கலவையைச் செய்பவர் பொறுப்பில் விடுவது மற்றொன்று. முன்னது செய்முறை விவரக்குறிப்பு. பின்னது செயல்திறன் விவரக்குறிப்பு.

நம் மேஸ்திரிகள் வளர்ந்தது முதல் மரபில்தான். "ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு" என்றால் ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. 1:1½:3 போட்டால் எம்20 வலிமைத் தரம் என்பது அவர்கள் கணக்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 இத்தகைய பெயரளவுக் கலவையை எம்20 வரைதான் ஏற்கிறது. சோதனைக்கூடம் எட்டாத ஊரில் கட்டும் சிறு வீட்டுக்கு இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஈர மணல் உப்பும்; பெட்டியால் அளந்தால் கால் பங்கு வரை ஏமாற்றிவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை தண்ணீர். மூன்று எண்களில் அதற்கு இடமே இல்லை. எம்20க்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்று அதே நூலின் அட்டவணை சொல்கிறது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றும்போது அந்த அட்டவணை யாருக்கு நினைவிருக்கிறது? வலிமையைத் தீர்மானிப்பது நீர்-சிமென்ட் விகிதம்தான் என்று சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் எழுதியது 1918-இல்!

இரண்டாம் மரபு நம்மிடம் வடிவமைப்புக் கலவையாக வந்தது. 150 மி.மீ. கட்டியை 28 நாள் தண்ணீரில் வைத்து நொறுக்கினால் தீர்ப்பு வந்துவிடும். ரெடிமிக்ஸ் லாரியும் க்யூப் டெஸ்ட்டும் கைகோத்து வந்ததால், அந்த ஒரு எண்ணையே செயல்திறன் என்று நம்பத் தொடங்கினோம். தொட்டியில் கிடக்கும் கட்டி வேறு, வெயிலில் மூன்று நாள் சாக்கு போர்த்திக் கைவிடப்பட்ட தூண் வேறு. கடற்கரைக் கட்டடத்தில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு நுழைவது மேற்புறத்து சில சென்டிமீட்டர் வழியாகத்தான். அந்த மேற்புறத்தைப் பற்றிக் கட்டி எதுவும் சொல்லாது.

மேற்புறம் எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் உருவான விரைவு குளோரைடு ஊடுருவல் சோதனை (ஆர்.சி.பி.டி.), 50 மி.மீ. கான்கிரீட் வில்லைக்கு ஆறு மணி நேரம் 60 வோல்ட் கொடுத்து, கடந்த மின்னூட்டத்தைக் கூலூமில் சொல்கிறது. அது குளோரைடை நேராக அளப்பதில்லை. சில வேதிக் கலவைப் பொருள்கள் சேர்ந்தால் முடிவு திரியும். எனக்கு அதிகம் பிடித்தது தென்னாப்பிரிக்க வழி. அவர்கள் ஆக்சிஜன் ஊடுருவல், நீர் உறிஞ்சல், குளோரைடு கடத்தல் ஆகியவற்றைக் குறியீடுகளாக வகுத்தார்கள். கட்டிமுடித்த அமைப்பிலிருந்தே மாதிரி துளைத்தெடுத்தும் பார்க்கிறார்கள். அப்போது க்யூரிங்கில் செய்த சோம்பலும் வெளியே வந்துவிடும்.

நம் நிலை இரண்டு மரபுகளும் கலந்தது. கடற்கரைச் சூழலை ஐ.எஸ். 456 'கடுமை' வகையில் வைத்து, வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம்30, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், அதிகபட்ச நீர்-சிமென்ட் விகிதம் 0.45, கம்பிக்கு மேல் 45 மி.மீ. உறை என்று கேட்கிறது. இது பாதுகாப்பு வரம்பு என்றால் சரி. ஆனால் டெண்டர்கள் இதோடு நிற்பதில்லை. சிமென்ட் வகை, சாம்பல் அளவு, ஸ்லம்ப் என எல்லாவற்றையும் எழுதிவிட்டு வலிமையையும் கேட்கின்றன. பிசகு நேர்ந்தால், "நீங்கள் சொன்னதைத்தானே போட்டோம்" என்பார் ஒப்பந்ததாரர்; "எம்30 வரவில்லையே" என்பார் பொறியாளர். இருவரும் சொல்வது உண்மை, அதுதான் சங்கடம். கனடாவின் 2004 தரநூல் (சி.எஸ்.ஏ. ஏ23.1) இதை நேராக அறுத்தது: கலவையை உரிமையாளர் சொன்னால் விளைவுக்கு அவர் பொறுப்பு, பலனைக் கேட்டால் ஒப்பந்ததாரரும் வழங்குநரும் பொறுப்பு.

டெண்டர் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கான்கிரீட் வகைக்கும் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்து, பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி சேருங்கள். கடலோரப் பணியானால், எந்தச் சோதனை, எத்தனையாவது நாளில், மாதிரி எங்கிருந்து எடுப்பது, தோற்றால் என்ன செய்வது என்பதையும் விலைப்புள்ளி கேட்கும்போதே எழுதிவிடுங்கள்.