கையில் பிஸ்கட், சோற்றுக்குள் காய்

காய் தின்ன மறுக்கும் குழந்தை என்றால் அதன் நாக்கைத்தான் குறை சொல்கிறோம். காயை அதன் முன்னால் எந்தக் கோலத்தில் வைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. சேலம் மாவட்டத்து மேச்சேரிப் பக்கத்து வீடுகளில் ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு முதலில் ராகிப் பாலும் கூழும் வரும், பின்னாலேயே பருப்புச் சோறு. அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) சுரைக்காயும் அந்தச் சோற்றுக்குள் அடையாளம் தெரியாமல் மசிந்துபோகும். நடுவில் சிணுங்கினால் கையில் கிடைப்பது பிஸ்கட், வர்க்கி, இல்லையென்றால் டீக்கடைப் பொறை. ஆக, பிள்ளை கையில் தின்னக் கொடுப்பது நமக்குப் பழகிய வழக்கம். அப்படிக் கொடுத்தது காயாக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் கில் ராப்லி என்பவர் பரப்பிய ஒரு முறை இப்போது செல்போன் வழியே நம் ஊர்களுக்கும் வந்திருக்கிறது. ஊட்டவே வேண்டாம், வேகவைத்த காயைத் துண்டு துண்டாகக் குழந்தையின் முன் வைத்துவிட வேண்டும், எதை எடுப்பது, எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள், "பிள்ளையைப் பட்டினி போடற வேலை" என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி நியாயம் உண்டு.

முதலில் நல்லதைப் பார்ப்போம். காய்க்கென்று ஒரு நிறம், வாசனை, வடிவம் இருப்பது குழந்தைக்கு இந்த முறையில்தான் தெரிகிறது. பருப்போடு கலந்து விழுங்கிய பீர்க்கங்காயை ஒரு வயதில் பொரியலாகத் தட்டில் கண்டால் அது அந்நியப் பொருளாகத்தான் தோன்றும். கசப்பையும் புதுச் சுவையையும் சந்தேகப்படுவது குழந்தையின் பிறவிக் குணம். ஒரே காயை எட்டுப் பத்து முறை சுவைத்த பிறகு பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நாமோ இரண்டாம் நாள் முகம் சுளித்ததுமே "இவனுக்குப் பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது நன்மை, போதும் என்று சொல்லும் உரிமை பிள்ளையிடம் இருப்பது. "ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ கண்ணு" என்று அம்மாயி கெஞ்சுவதில் பாசம் இருக்கிறது. ஆனால் செல்போனைக் காட்டி, வாய் பிளந்த நேரத்தில் உருண்டையைத் திணிக்கும்போது, பசி அடங்கிவிட்டது என்று பிள்ளையின் வயிறு சொல்வதை நாமே அமுக்குகிறோம். நியூசிலாந்தில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், தானே எடுத்துத் தின்ன விடப்பட்ட குழந்தைகள் உணவில் அடம் பிடிப்பது குறைவாக இருந்தது. எடையில் பெரிய வேறுபாடு இல்லை.

செய்முறை எளிது. அரசாணியை ஆள்காட்டி விரல் நீளத்துக்கு நறுக்கி இட்லிப் பானை ஆவியில் வேகவைத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நசுங்கினால் பல் இல்லாத ஈறுக்கும் அது நசுங்கும். ஆறேழு மாதத்தில் குழந்தை முழுக் கையாலும்தான் பிடிக்கும் என்பதால் துண்டு முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கத் தொடங்கும்போது துண்டைச் சிறிதாக்கலாம். முருங்கைக்காய் என்றால் சதையை வழித்துத்தான் தர வேண்டும், நார் ஆகாது. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. தேன் கூடவே கூடாது.

இனிக் குறைகள். முதற்குறை இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. அரசாணித் துண்டைச் சப்பிப் பாதியைத் தரையில் போடும் பிள்ளைக்கு அதிலிருந்து என்ன கிடைத்துவிடும்? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நியூசிலாந்து ஆய்விலும் வேளைக்கு ஓர் இரும்புச்சத்து உணவு சேர்க்கும்படி பெற்றோருக்குச் சொல்லியிருந்தார்கள் என்பதைப் பிரசாரகர்கள் மறந்துவிடுகிறார்கள். மேச்சேரி ஆட்டினத்துக்கே பேர்போன ஊர். ஆனால் பிள்ளைக்குச் "சத்து" என்று போவது எலும்பு சூப்பின் தெளிநீர். இரும்பு இருக்கும் கறியும் ஈரலும் பெரியவர்கள் தட்டில் தங்கிவிடுகின்றன. நன்றாக வேகவைத்து மசித்த கறியையும், எப்போதாவது சிறிதளவு ஈரலையும் ஊட்டித்தான் ஆக வேண்டும். நாமக்கல் முட்டையும் அப்படித்தான்.

அடுத்த குறை மூச்சடைப்பு. காய்த்துண்டு பட்டு ஓங்கரிப்பது வேறு, மூச்சுக்குழல் அடைபடுவது வேறு. ஓங்கரிக்கும் பிள்ளை இருமும், சத்தம் போடும். அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. அடைத்துக்கொண்ட பிள்ளையிடம் சத்தமே இருக்காது. இரண்டுக்கும் நாம் செய்வது உச்சந்தலையில் தட்டுவது. அதனால் ஒரு பயனும் இல்லை. முழுதாக அடைத்துக்கொண்ட கைக்குழந்தையைத் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்து, அடைப்பு நீங்கும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. மானாவாரியில் நிலக்கடலை விளையும் வட்டாரம் இது. திண்ணையில் காயும் கடலை தவழும் பிள்ளைக்கு எட்டும். முழுக்கடலை, பச்சைக் கேரட், முழுத் திராட்சை எதுவும் கையில் போகக் கூடாது. பிள்ளை தின்னும்வரை ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். தறி ஓடும் வீட்டிலும் கூலிக்குப் போகும் வீட்டிலும் அந்த ஓர் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இந்த முறையின் பெரிய பலவீனம் அதுவே.

"பிள்ளைக்குத் தெரியும், விட்டுவிடுங்கள்" என்ற வாதத்துக்கு அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸை இழுப்பார்கள். பால்குடி மறந்த 15 குழந்தைகளைத் தாமே தேர்ந்து உண்ணவிட்டு, அவர்கள் நன்றாக வளர்ந்ததை 1939-ல் எழுதியவர் அவர். ஆனால் அவர் வைத்த முப்பது சொச்சம் உணவுகளில் இனிப்புப் பண்டம் ஒன்றுகூட இல்லை. தேர்வு குழந்தையுடையது, பட்டியல் பெரியவருடையது. நம் பட்டியலில் வரும் அங்கன்வாடிச் சத்துமாவுகூட வெல்லம் சேர்ந்த இனிப்புதான். அது தரும் சத்து அவசியம். காயின் சுவையை அது பழக்காது.

என் முடிவு இது: ஊட்டுவது வயிற்றுக்கு, எடுத்துத் தின்பது பழக்கத்துக்கு. கூழும் முட்டையும் கறியும் அம்மாவின் கையால் போகட்டும், வாயை மூடினால் நிறுத்திக்கொண்டு. காய் மட்டும் நாளுக்கு ஒருமுறை, பசி இருக்கும் நேரத்தில், துண்டாக முன்னால் வரட்டும். தின்றதா எறிந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இதற்குத் தனிச் செலவு கிடையாது, குழம்புக்கு அரிந்த காயில் இரண்டு துண்டு போதும். பிஸ்கட் டப்பாவை மட்டும் வீட்டுக்குள் விடாமல் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் துண்டுக் காயை எத்தனை நாள் வைத்தாலும் பலன் கிடைக்காது.