நாலு பேர் காதில் விழ வேண்டிய கதை

கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் தன் சர்க்கரை வியாதியை உரக்கச் சொல்லுகிறவர்கூட, மகனுக்கு மனநோய் மாத்திரை வாங்குவதைச் சொல்லமாட்டார். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்ற அச்சம். மனநோயைப் பற்றிய வானொலி நாடகங்களையும் பாட்காஸ்ட்களையும் எடைபோடும்போது அந்த நாலு பேரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒலிக்கு வலிமை உண்டு. 1960களில் வானொலியில் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் பயிரிட்ட ஏ.டி.டி. 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஆனால் நெல்லை அவரவர் வயலில் விதைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மனநோயின் அவமானமோ பக்கத்துத் திண்ணையிலும் சம்பந்தம் பேச வரும் வீட்டிலும் இருக்கிறது.

அங்கே ஒலி எட்டுமா? ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின், 2004இல் 'முசேகெவேயா' என்ற வானொலித் தொடர் தொடங்கியது. ஊர் ஊராகக் குழுக்கள் கூடி அமர்ந்து ஓராண்டு கேட்டதை உளவியலாளர் எலிசபெத் பாலக் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, ஊர் எதை ஏற்கும் என்ற அவர்களின் கணிப்பு. மனக்காயத்தை வெளியில் பேசலாம் என்பதும் அதில் அடங்கும். எனக்கு இது பெரிய செய்தி. நாலு பேரைப் பற்றிய பயம் கரைந்தாலே ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடும்.

இன்றைய பாட்காஸ்ட் இங்கேதான் சறுக்குகிறது. இயர்போனில் தனியே கேட்டவர் மனம் நெகிழலாம். அவர் கேட்டது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தர்மபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதச் சொற்பொழிவு ஒலிபெருக்கியில் வரும்போது, எல்லோரும் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொதுக் காது பாட்காஸ்ட்டுக்கு இல்லை.

பாட்காஸ்ட்டில் முகம் தெரியாததால்தான் பலர் மனம் திறந்து பேசுகிறார்கள். அது பெரிய வசதி. ஆனால் பெயரை மாற்றி, குரலையும் மாற்றி ஒலிபரப்பினால் 'இது மறைக்க வேண்டியதுதான்' என்று கேட்பவர் முடிவுகட்டுவார். புவனோஸ் ஐரிஸின் போர்தா மனநல மருத்துவமனையில் 1991 முதல் நோயாளிகளே 'லா கொலிஃபாத்தா' வானொலியைத் தம் குரலில் நடத்துகிறார்கள். அந்தத் துணிவை ஒருவரிடமும் வற்புறுத்திக் கேட்கக் கூடாது. தானாக முன்வருகிறவரின் குரலை மாற்றவும் கூடாது.

கதைகளின் முடிவும் என்னை உறுத்துகிறது. பலவற்றில் நோயாளி முற்றிலும் குணமாகி வேலைக்குத் திரும்புகிறார். கடைசியில் 14416 என்ற உதவி எண்ணைச் சொல்லுகிறார்கள், அது நல்லது. ஆனால் மனச்சிதைவு பலருக்கு நெடுநாள் மருந்து கேட்கும் நோய். மகன் இன்னும் மாத்திரையை விடவில்லையே என்று தவிக்கும் தாய்க்கு அந்த முடிவு குத்தும். பத்து வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிறவரின் கதையை நான் இன்னும் கேட்கவில்லை.