ஏர்ப்பேட்டில் வேதியியலும் உயிரியலும்

உயிர்மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராய இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கைகோக்க வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. கைகோத்ததற்கு எது சான்று என்பதில்தான் தெளிவில்லை. என் அளவுகோல் இது: ஒரு துறை எழுப்பும் மறுப்பு மற்றொரு துறையின் முடிவை மாற்ற வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அது நடந்திருக்கிறது. 1954-இல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்னும் புரதத்துக்கு மூன்று இழை வடிவத்தை முன்வைத்தார்கள். அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்குகின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே பொருந்தும், இரண்டல்ல என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தார்கள். ராமச்சந்திரன் வாதாடியதோடு நிற்கவில்லை. அறியப்பட்ட படிகங்களில் அணுக்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று தேடித் தொகுத்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடம் அந்தத் தேடலின் விளைவு. பிணைப்புக் கணக்கில் மறுத்தவர்கள் சொன்னதே சரி என்று 1994-இல் ஒரு படிக அமைப்பு காட்டியது. வரைபடமோ இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் முதன்மைக் கருவிகளில் ஒன்று.

இந்த அளவுகோலோடு திருப்பதியின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தை (ஐசர்) பார்க்கலாம். 2015-இல் தொடங்கிய அந்நிறுவனம் ஏர்ப்பேட்டில் இருக்கிறது. 2017-இல் இயக்குநராக வந்த கே. என். கணேஷ், பெப்டைடு நியூக்ளிக் அமில வேதியியலில் தேர்ந்தவர். டி.என்.ஏ.வின் சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்புக்குப் பதிலாகப் பெப்டைடு போன்ற சங்கிலியை வைத்து 1991-இல் டென்மார்க்கில் உருவான மூலக்கூறு அது. மின்சுமை இல்லாததால் டி.என்.ஏ.வை இறுகப் பற்றுகிறது. அதே காரணத்தால் நீரில் எளிதில் கரைவதில்லை, செல்லுக்குள்ளும் எளிதில் நுழைவதில்லை. திருப்பதிக்கு வருமுன் புனேயில் கணேஷின் குழு முதுகெலும்பில் வளையங்களைச் சேர்த்து வடிவத்தை இறுக்கியது. பற்றும் தன்மையை அப்படித் திருத்தலாம் என்று காட்டியது. இது வடிவம் அறிந்த வேதியியல், உயர்ந்த பணி. ஆனால் செல்லின் சவ்வு எழுப்பும் மறுப்புக்கு வேதியியல் மட்டும் விடை தர முடியாது, உயிரியலும் வேண்டும். அதற்கு ஐசர் மாணவரைத் தயார்செய்கிறதா?

ஐசரின் ஐந்தாண்டுப் படிப்பில் தொடக்க ஆண்டுகளில் எல்லா மாணவரும் எல்லா அறிவியலும் படிக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு, அதில் எனக்கு ஐயமே இல்லை. முனைவர் பட்டத்துக்கு வந்தால் மாணவர் மறுபடி ஒரு துறையின் பெயரில் சேர்கிறார். அங்கேதான் குறை. அதனால் என் தீர்ப்பு: இளநிலையில் வெற்றி, ஆய்வுநிலையில் அரைகுறை. உயிர்மூலக்கூறுகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு வேறு துறையிலிருந்து இரண்டாம் வழிகாட்டியைக் கட்டாயமாக்கலாம். திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்தும் ஒருவரை அழைக்கலாம்.