சலீம் மிர்ஸாவின் முகம்

திரையில் ஒரு முஸ்லிம் தோன்றும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு சிறு அமைதி நிலவுவதுண்டு. வருகிறவர் எப்படிப்பட்டவராக ஆக்கப்பட்டிருப்பாரோ என்ற ஐயத்தினால் எழும் அமைதி அது. அவருக்கென்று ஒதுக்கப்பட்ட வேடங்கள் மிகச் சிலவே. கொச்சையாகப் பேசிச் சிரிப்பூட்டுவார். அல்லது நண்பனுக்காக உயிரைக் கொடுத்து, நல்லவர் என்னும் நற்சான்றினைப் பெறுவார். பிற்காலத்திலோ கையில் வெடிகுண்டுடன் வரலானார். தொழிலுக்குப் போய்வருகிற, மகளின் நிக்காஹை எண்ணிக் கவலைப்படுகிற, கடன் கிடைக்காமல் கலங்குகிற ஒரு சாதாரணக் குடும்பத் தலைவராக அவரைக் காண்பது அரிதினும் அரிது.

அந்த அரிய காட்சியை இந்தியத் திரைக்கு நிறைவாக வழங்கிய நடிகர் முஸ்லிம் அல்லர். நாட்டுப் பிரிவினையில் பிறந்த ஊரையே இழந்த பஞ்சாபி இந்து அவர். பெயர் பல்ராஜ் சாஹ்னி.

1913ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் ராவல்பிண்டியில் பிறந்தவர் சாஹ்னி. லாகூர் அரசினர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். தாகூரின் சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தார். சேவாகிராமத்தில் காந்தியடிகளின் நிழலில் சில காலம் பணிபுரிந்தார். போர்க்காலத்தில் லண்டன் பி.பி.சி. வானொலியில் குரல் கொடுத்தார். நாடு திரும்பியதும் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இணைந்தார். குவாஜா அஹ்மத் அப்பாஸ் எழுதிய 'ஜுபைதா' நாடகத்தை அவரே இயக்கினார். மேடையே அவருடைய பள்ளிக்கூடம். அப்பாஸ் இயக்கிய 'தர்த்தி கே லால்' (1946) என்னும் வங்கப் பஞ்சத்தைப் பற்றிய படம் அம்மேடையிலிருந்து முளைத்ததே.

படக்கருவியின் முன் தொடக்கத்தில் தம் உடல் விறைத்துப் போனதை அவர் தம் திரையுலக நினைவுகளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 'தோ பீகா ஜமீன்' (1953) படத்திற்காகக் கல்கத்தாத் தெருக்களில் கைரிக்‌ஷா இழுத்தார். நிலமிழந்து நகருக்கு வந்த ஓர் உண்மையான ரிக்‌ஷாக்காரரின் வாயிலிருந்து தாம் நடிக்கும் கதையையே கேட்டுத் திகைத்தார். பிறர் வாழ்க்கையைப் பார்த்து நடிப்பது வேறு, அதற்குள் நுழைந்து நிற்பது வேறு என்பதை அங்கேதான் கற்றார் எனலாம். தமிழில் வந்த 'குலதெய்வ'த்தை ஏவி.எம். நிறுவனத்தார் 'பாபி' (1957) என்று இந்தியில் எடுத்தபோது குடும்பத்தின் மூத்தவராக நடித்தவரும் இவரே. ஆயினும் அவருடைய நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நாம் ஈண்டு எடுத்துப் பேச விழைவன இரண்டே: 'காபுலிவாலா'வும் 'கரம் ஹவா'வும்.

தாகூரின் புகழ்பெற்ற சிறுகதையைத் தழுவி ஹேமன் குப்தா இயக்கத்தில் 1961இல் வெளிவந்தது 'காபுலிவாலா'. உலர்பழங்கள் விற்கக் கல்கத்தாவுக்கு வந்த பட்டாணியர் ரஹ்மத், மினி என்னும் சிறுமியிடம் தம் மகளின் சாயலைக் காண்கிறார். பெஷாவர்ச் சாலையில் அமைந்த ராவல்பிண்டியில் வளர்ந்த சாஹ்னிக்குப் பட்டாணியரின் நடையும் பேச்சும் அந்நியமல்ல. மகளின் கைச்சுவடு பதிந்த காகிதத்தை அவர் நெஞ்சோடு அணைத்துக் காக்கும் காட்சியில் உருகாத தந்தையர் இரார்.

என்றாலும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. ரஹ்மத் ஒரு விருந்தாளி. அவர் என்றேனும் ஒரு நாள் தம் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார். திரும்பிப் போகப் போகிறவரை நேசிப்பது எவருக்கும் எளிது. போக மாட்டேன், இதுவே என் வீடு என்று நிற்கிறவரை நேசிப்பதில்தான் சோதனை இருக்கிறது. காபுலிவாலா கண்ணீரை வரவழைக்கும் நல்ல படமே. ஆனால் அச்சோதனைக்குள் அது நம்மை அழைத்துச் செல்லவில்லை.

அழைத்துச் சென்றது 'கரம் ஹவா'. இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றிலிருந்து கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுத, எம்.எஸ். சத்யு இயக்கிய படம். ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்ஸாவாக சாஹ்னி நடித்தார். காந்தியடிகள் கொலையுண்ட பின் கதை தொடங்குகிறது. உறவினர் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயிலேற, வழியனுப்பி வழியனுப்பிச் சலித்த மனிதராக நிலையத்தில் நிற்கிறார் சலீம் மிர்ஸா. 'இவரும் நாளை ஓடிவிட்டால்?' என்று எண்ணிக் கடன் மறுக்கிறார்கள். அண்ணன் பெயரிலிருந்த பூர்வீக வீடு வெளியேறியோர் சொத்தாகக் கைமாறுகிறது. வாடகைக்கு வீடு தேடினால் பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது. அண்ணனுக்கு வீட்டின் வரைபடத்தை அனுப்பிய குற்றத்திற்காக ஒற்றர் என்ற பழியும் சேர்கிறது.

இத்தனைக்கும் சாஹ்னி என்ன செய்கிறார்? குரலை உயர்த்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஷெர்வானியைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியை ஊன்றி, அடுத்த வாசலை நோக்கி நடக்கிறார். நம் முன்னோர் ஸப்ர் என்று போற்றிய பண்பு இதுவே என்பது நம் கருத்து. கையைக் கட்டிக்கொண்டிருப்பது ஸப்ர் அன்று. அவமானம் தம்மைச் சிறியவராக்க இடங்கொடாமல் அன்றாடக் கடமையை ஆற்றுவதே ஸப்ர். அந்த நடையைக் காணும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியில் பட்ட காயத்தை வீட்டாரிடம் காட்டாமல் உள்ளே வரும் நம் வாப்பாமார் பலரும் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

மகள் ஆமினா தன்னுயிரை மாய்த்துக்கொண்ட காட்சியில் அவர் வாய்விட்டு அழுவதில்லை. கண்கள் மட்டுமே பேசுகின்றன. சாஹ்னி தம் மகள் ஷப்னத்தைப் பறிகொடுத்து அப்போது நெடுங்காலம் ஆகவில்லை. அந்தத் துயரை அவர் விலைப்படுத்தவில்லை, அடக்கிக்கொண்டார். அந்த அடக்கமே காண்பவரை உலுக்குகிறது.

குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இறுதியில், ரயிலடிக்குச் செல்லும் வழியில் வேலை கேட்டுப் போகும் ஊர்வலத்தைக் கண்டு மகன் சிக்கந்தர் குதிரைவண்டியிலிருந்து இறங்குகிறான். சலீம் மிர்ஸாவும் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அக்கூட்டத்தில் கலக்கிறார். இது இயக்குநரின் அரசியல் விடையென்றும், வாழ்க்கை இத்தனை எளிதில் தீர்ந்துவிடுவதில்லை என்றும் ஒருவர் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் முழக்கமாகிப் போயிருக்கக்கூடிய அக்காட்சியைச் சாஹ்னியின் முகம் மீட்டுவிடுகிறது. கொடியைப் பார்த்து அவர் இறங்கவில்லை. தனித்திருந்து தனித்திருந்து களைத்தவர் மனிதரோடு சேர இறங்குகிறார்.

பிறந்த ஊரைப் பிரிவினைக்குப் பறிகொடுத்த ஒருவர், பழி தீர்க்கும் மனத்தை வளர்த்துக்கொள்ள எத்தனையோ காரணம் இருந்தது. அவரோ, எல்லைக்கு இப்பால் அதே இழப்பின் வாசலில் நின்ற முஸ்லிமின் உள்ளத்திற்குள் சென்று அமர்ந்தார். கலை மனிதருக்குச் செய்யக்கூடிய பேருதவி இதனினும் உண்டோ?

அப்படம் வெளிவந்ததைக் காண அவர் இல்லை. குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, மாரடைப்பால் மறைந்தார், வயது 59. கலவரம் மூளுமென்று அஞ்சித் தணிக்கையினர் நிறுத்திவைத்த அப்படம், 1974இல் வெளிவந்து தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதைப் பெற்றது வரலாற்றின் வேடிக்கை. 2014இல் செப்பனிடப்பெற்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

அவர் திறந்த வழியில் சிலர் நடந்தனர். சிக்கந்தராக அறிமுகமான ஃபாரூக் ஷேக் அம்மென்மையைத் தம் நடிப்பில் காத்தார். சயீத் மிர்ஸாவின் 'நசீம்' (1995) படத்தில், பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முந்தைய நாட்களில் நோய்ப்படுக்கையிலிருக்கும் பாட்டனாராகக் கைஃபி ஆஸ்மியே நடித்தார். ஆயினும் பெருவழி வேறு திசையிலேயே சென்றது.

பிரிவினையின் நெருப்பு நம் தமிழகத்தை வடநாடு போல் சுட்டெரிக்கவில்லை. ஆனால் பெயரைக் கேட்டபின் சாத்தப்படும் வாடகைவீட்டுக் கதவை நாமும் அறிவோம். தோப்பில் முகம்மது மீரான் போன்றோரால் தமிழ் நாவலில் நம் வீடுகளுக்குள் விளக்கேற்றப்பட்டுவிட்டது. மேடையிலும் திரையிலும் அவ்விளக்கு இன்னும் போதிய அளவு ஏற்றப்படவில்லை. பிறர் நம்மைச் சரியாகக் காட்டவில்லை என்று குறைகூறும் நாம், நம் பிள்ளைகளுள் கலையார்வம் உள்ளவரை என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதுவரை, குடும்பத்தோடு அமர்ந்து ஒருமுறை 'கரம் ஹவா'வைக் காணுங்கள். திரையில் ஒரு முஸ்லிம் தோன்றும்போது நம் வீட்டில் நிலவும் அந்த அமைதி, அன்று வேறோர் அமைதியாக இருக்கும்.