உவமையும் உவமைப் போலியும்

பொருளை விளக்க எழுந்தது உவமை. ஆயின், இக்காலத்துச் சமயக் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்குங்கால், அவற்றின் உவமையை விளக்குதற்கு வேறோர் உவமை வேண்டும்போலும் என எண்ண வேண்டியுள்ளது. விளக்கேந்தி வழிகாட்ட வந்தவன் அவ்விளக்காலே கூரையைக் கொளுத்தினால், வெளிச்சம் மிகுந்ததென மகிழ்வாருண்டோ?

தொல்காப்பியனார் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தார். தருக்க நூலார் உதாரணத்தை ஐந்துறுப்பினுள் மூன்றாவதாக வைத்தனர். மேற்கோளும் ஏதுவும் அதன்முன் நிற்றல் வேண்டும். நம்மவர் சிலரோ, முன்னிரண்டையும் விடுத்து உதாரணம் ஒன்றே கொண்டு வழக்கை முடிக்கின்றனர். சுவரின்றி ஓவியம் யாண்டு எழுதுவது?

சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்திற்கு நெல்லின் உமியை உவமை கூறும். உமி நெல்லிற்கு இடையில் வந்ததன்று, உடனுள்ளது. உமி நீங்கிய அரிசி மீள முளையாது. ஈண்டுக் கொள்ளத்தக்கன இவையே. ஆகலின் இஃது ஒருபுடை உவமை. இதனை முற்றுவமையாக்கி, உலக்கை குருவருள், உரல் உலகம், முறம் சாத்திரம் என அடுக்கிச் செல்வாரை நோக்கி, "ஐய, அவ்வரிசியைச் சோறாக்கி உண்பார் யாவர்?" என மாணாக்கன் ஒருவன் வினவின் என் செய்வர்? உயிரைப் பானையிலிட்டு மூடிவிட்டு வாளா இருத்தலே செயற்பாலது.

இவை நகைத்தற்குரியன. கொள்கையையே அழிக்கும் உவமையும் உண்டு. முத்தி நிலையை ஆறு கடலிற் கலந்தவாறு என எழுதுவார் பலர். முண்டக உபநிடதத்தில் வரும் இவ்வுவமையை, பெயரும் வடிவும் நீங்குதல் என்னும் அளவிற் கொள்ளின் இழுக்கில்லை. முற்றும் கொள்ளின், கடல் புக்க ஆறு தனித்து நில்லாமையின், பேரின்பம் நுகரும் உயிரே இல்லையாய் முடியும். நுகர்வோன் இன்றேல் இன்பம் எவர்க்கு? விருந்திற்கு அழைத்து விருந்தினனையே உண்டவாறாம்.

உமாபதி சிவனார் திருவருட்பயனில் இதற்குக் காட்டிய உவமையை நோக்குக. தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'தாடலை' என ஒன்றாயின. பிரித்தற்கரிய ஒற்றுமை எய்தியும், தாளின் பொருளும் கெடவில்லை. தலையின் பொருளும் கெடவில்லை. ஒன்றெனவும் இரண்டெனவும் கூறவாராத அத்துவித நிலை ஓர் எழுத்தின் திரிபினுள் அடங்கிற்று.

உவமை எவ்விடத்துத் தொடங்குவது என்பதை யாவரும் அறிவர். எவ்விடத்து நிற்பது என்பதை அறிதலே புலமை. இக்கட்டுரையுள்ளும் உவமைகள் சில புகுந்துவிட்டன. அவற்றை முற்றுவமையாகக் கொள்ளாது அன்பர்கள் பொறுத்தருள்க.