உடையவன் யார்?
இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு திறனாய்வு

நெல்லைச் சீமையின் சிற்றூர்களில் அறியாத பிள்ளை ஒன்று தெருவில் வந்தால், பெரியவர்கள் முதலில் அதன் பெயரைக் கேட்பதில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றே கேட்பர். ஊரை விட்டு மும்பைக்கு வந்த நம்மிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. "என்ன வேலை? எவ்வளவு சம்பளம்?" என்பனவே இங்குள்ள கேள்விகள். முதற் கேள்வி ஒருவன் யாருக்கு உரியவன் என அறிய விழைகிறது; பின்னது அவன் என்ன செய்கிறான் என அறிய விழைகிறது. வாழ்வுக்கு ஒரு குறியும் நோக்கும் வேண்டுமென்றால் இவ்விரண்டனுள் எதற்கு முதலில் விடை காண வேண்டும்? இவ்வினாவைக் கையிற்கொண்டு, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை அணுகுவது நம் கருத்து.

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கம்பனில் தோய்ந்த புலவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர், 1858இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். பல ஆண்டுகள் உழைத்து அவர் இயற்றிய இக்காப்பியம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் புகழை அவருக்கு ஈட்டித் தந்தது இந்நூலே.

இதன் மூலம் ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை. 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் நெடுநாள் பயின்று வருவது. பனியன் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். பாத்திரங்களின் பொத்தல் அடைக்கும் தொழிலாளி. அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அவர் கதையில், முதுகில் சுமையோடு அழிவின் நகரை விட்டு ஒருவன் வானகர் நோக்கி நடக்கிறான். வழியில் அவனை மறிக்கும் அப்பொல்லியோன் என்னும் அரக்கன் உடனே வாளை ஓங்குவதில்லை. 'நீ எந்த ஊரான்?' என்று வினவுகிறான். பயணி தன் ஊரைச் சொன்னதும், 'அவ்வூர் என்னுடையது. ஆகவே நீ என் குடி' என்று உரிமை கொண்டாடுகிறான். திரும்பி வந்தால் நல்ல கூலி தருவதாகவும் ஆசை காட்டுகிறான். பயணி இணங்கவில்லை. உன்னிடம் பெற்ற கூலி மனிதன் உயிர்வாழப் போதாது. நான் வேறோர் அரசனுக்கு என்னை ஒப்புவித்துவிட்டேன் என்னும் கருத்துப்பட மறுமொழி கூறுகிறான். போர் அதன் பின்னரே மூள்கிறது.

இக்காட்சியைக் கதையின் உயிர்நிலை எனலாம். பயணி மனவலிமை மிக்கவன் அல்லன். மலையேறுகையில் இளைப்பாறும் பந்தலில் உறங்கித் தன் சான்றோலையைத் தவறவிடுகிறான். எளிய பாதை என எண்ணிப் புல்வெளியில் இறங்கிச் சிறைப்படுகிறான். சிதறும் சிந்தை நம்மைப் போலவே அவனுக்கும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு முறையும் வழிக்கு மீள்கிறான். அவன் கவனத்தைக் காப்பது மன உறுதி அன்று. தான் ஒருவருக்கு உரியவன் என்னும் அறிவே. உரிமை முதலில்; நோக்கு அதன் விளைவு.

இங்கேதான் கிருஷ்ணபிள்ளையின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. பனியன் கதையில் சிலுவையைக் கண்டதும் சுமை அவிழ்ந்து விழுகிறது. சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது. நம் புலவர்க்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் வகுத்து, இயேசு பெருமான் பட்ட பாடுகளையும், இகழ்ந்தோர் முன் அவர் காத்த பொறுமையையும் விரித்துப் பாடுகிறார். காரணம் என்ன? பயணி யாருக்கு உரியவன் என்பதைச் சொன்னால் மட்டும் போதாது, எவ்விலைக்கு உரியவனானான் என்பதையும் காட்ட வேண்டும் எனப் புலவர் கருதினார் என்றே நாம் கொள்கிறோம். 'மீட்பு' என்பது நம் வீடுகளில் புழங்கும் சொல். அடகுக்கடையில் வைத்த நகையைப் பணம் கட்டி மீட்கிறோம். அந்நகை அதற்கு முன்னும் நம்முடையதே. விலை கொடுத்தபின் இருமுறை நம்முடையதாகிறது. பனியன் வழியைக் காட்டினார். கிருஷ்ணபிள்ளை வழிக்கு உடையவனைக் காட்டினார்.

இவ்வுணர்வு தமிழுக்குப் புதியதும் அன்று. ஆட்படுதல், ஆட்கொள்ளுதல், அடைக்கலம் ஆகிய சொற்கள் ஆழ்வார் நாயன்மார் பாடல்களில் பழுத்தவை. வைணவர் இராமானுசரை 'உடையவர்' என்றே வழங்குவர். அச்சூழலில் வளர்ந்த புலவர் சமயம் மாறியபோது தம் சொற்களைப் பழைய வீட்டிலேயே விட்டு வரவில்லை. எனவேதான் இந்நூல் வேற்று நாட்டுச் சரக்காகத் தோன்றாமல் தமிழ்க் காப்பியமாகவே நிற்கிறது.

குறைகளும் உள. வடசொற் பெருக்கும் கம்பன் நெறியைத் தொடரும் நீண்ட வருணனைகளும் பயணத்தின் வேகத்தைத் தடுக்கின்றன. நோக்குடைமையைப் பாடும் நூல் சில இடங்களில் தானே நோக்கிழந்து அணிநலத்தில் தங்கிவிடுகிறது. இதனினும் பெரிய கேள்வி ஒன்று கதையிலேயே உண்டு. மனைவியும் மக்களும் அழைக்க, காதுகளில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான் பனியனின் பயணி. பிழைப்புக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டு ரயிலேறிய தலைமுறையின் வழிவந்த நம்மை இக்காட்சி சுடாமல் விடாது. கடவுளுக்கு உரியவனாதல் தன்னவர்க்கு அந்நியனாதலா? பனியனே இதனை உணர்ந்தார் போலும். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் மனைவியையும் நான்கு மைந்தரையும் அதே வழியில் நடத்திச் சென்றார். இந்தப் பயணத்தில் குடும்பம் மெல்ல நடக்கிறது. வழித்துணையாக வீரன் ஒருவன் உடன் வருகிறான். முதற் பாகத்தை மட்டும் படிப்போர் பாதிக் கதையையே படித்தவராவர்.

நாம் வாழும் மராட்டிய மண்ணிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கவி நாராயண் வாமன் திலக் 1895இல் இம்மாநகரிலேயே திருமுழுக்குப் பெற்றார். கிருஷ்ணபிள்ளை கம்பனைக் கைவிடாதது போல் அவர் துக்காராமைக் கைவிடவில்லை. அபங்க நடையிலேயே கிறிஸ்துவைப் பாடினார். அவர் மனைவி லட்சுமிபாய் மனமுடைந்து சில ஆண்டுகள் பிரிந்திருந்தார். பின்னர்த் தாமே தெளிந்து 1900இல் அச்சமயத்தை ஏற்றார். 1919இல் திலக் மறைந்தபோது முற்றுப்பெறாது நின்ற 'கிறிஸ்தாயன்' காவியத்தைத் தொடர்ந்து பாடியவரும் அவரே. காதுகளைப் பொத்தி ஓடுவதைவிட, உடன்வர விரும்புவோர்க்காகக் காத்திருப்பது கடினம். அதுவே நிறைவும் கூட.

பனியன் காட்டும் மாயச் சந்தையில் பயணிகள் பரியாசத்துக்கு ஆளாவதற்குக் காரணங்கள் அவர்களின் அயலுடையும் புரியாத மொழியும், கடைச்சரக்கின்மேல் ஆசையின்மையுமே. தாராவியின் தோல் பட்டறைகளில் உழைத்தோரும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியோரும் இதன் முற்பாதியைத் தம் வாழ்விலேயே அறிந்தவர்கள். பிற்பாதியோ நம் ஒவ்வொருவர் தேர்வுக்கும் உரியது. சந்தை நம் திறமைக்கு விலை கூறும். அவ்விலை நாளைக்கு ஏறும், மறுநாள் இறங்கும். அதனையே தன் மதிப்பென்று கொண்டவன் மனமும் உடன் ஏறி இறங்கும். தன்னை உடையவன் ஒருவன் உண்டெனத் தெளிந்தவனோ அதே பட்டறையில் அதே வேலையைச் செய்துகொண்டே நேர்கொண்டு நடப்பான்.

நம் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். இந்நூலின் செய்யுள் அவர்க்கு எளிதில் விளங்காது. ஒரு படலத்தையேனும் பெற்றோர் உடனிருந்து பொருள் சொல்லிப் படிப்பிப்பது நலம். எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறாய் என்று அவர்களை நாள்தோறும் கேட்கிறோம். நீ யாருக்கு உரியவன் என்னும் வினாவையும் அதற்கு முன்னே வைக்க இக்காப்பியம் நமக்குக் கற்பிக்கிறது.